குகநேசன், அனுஷ நட்சத்திரம்

ரே… ரே… ரே… ரியோன்… ரியே… ரே.

கண்ணைத் திறக்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது, யாரோ பிரெஞ்சு இலக்கணத்தில் கொந்திசியோனேல் பாடமாக்குகிறார்கள் என்று. இவ்வளவு மெசின்களின் இரைச்சலுக்குள்ளேயும் அந்தச் சத்தம் எனக்குத் தனியாகக் கேட்கும். நான் நித்திரை இல்லை, அண்ணை. இரவு வேலை முடித்து வந்தால் இப்படித்தான். கண் மூடும், காது மூடாது. புத்தக ஓரத்தில் நீங்கள் தமிழில் எழுதி வைத்திருக்கிறதைக் கண்டபடியால்தான் கதை கொடுக்கிறேன், குறை நினைக்காதையுங்கோ. ஊர் எது? காரைக்காலோ! மகன் கூப்பிட்டு வந்தனீங்களோ? சோதினை எப்ப?

என் பேர் பரநிருபசிங்கம். யாழ்ப்பாணம், கரவெட்டி. அவ்வளவு நீளம் இங்கே ஒருவரின் வாயிலும் நுழையாது. பரா என்றால் போதும். ரயில் பெட்டி துப்புரவாக்குகிற வேலை. சனம் இறங்கிப் போனபிறகு பெட்டிகள் யாட்டில் வந்து நிற்கும், நாங்கள் ஏறுவோம். உடுப்புத் தோய்க்கவென்று காலையில் இங்கே வந்தால் இந்தக் கதிரையிலேயே பாதி நித்திரை போய்விடும். என்ர உடுப்புக் காய்ந்துவிட்டது, மடித்துக்கொண்டே கதைக்கிறேன். உங்கட மெசின் இன்னும் சுத்துது, நேரம் கிடக்கு.

அந்தப் பக்கத்துக்குப் பயப்பிடாதையுங்கோ. இந்தப் பாஷையில் அதைப்போல லேசான ஒன்று இல்லை. வருங்காலச் சொல் இருக்கிறதல்லோ, அதின் தலையை எடுங்கோ. போன காலத்தில் 'செய்துகொண்டிருந்தேன்' என்று சொல்வதற்கு ஒரு வால் வைத்திருக்கிறார்கள், அந்த வாலை எடுத்து இந்தத் தலையில் ஒட்டுங்கோ. முடிந்தது. தலை வருங்காலம், வால் போன காலம். நடக்காத ஒன்றைச் சொல்வதற்கு இவர்கள் இப்படி ஒரு பிராணியைச் செய்து வைத்திருக்கிறார்கள். மற்றது, நீங்கள் முணுமுணுத்ததில் கனக்க ரே ஒரே ரேதான். எழுதினால்தான் வித்தியாசம். நான், நீ, அவன், அவர்கள். வாயால் சொன்னால் எல்லாரும் ஒன்று.

சிரிக்கிறியள். என்னோடு இதைப் படித்த ஒருத்தியும் சிரித்தவள்.

இதை எனக்கு முதலில் ஒருவரும் படிப்பிக்கவில்லை. பெட்டிக்குள் சனம் விட்டுப்போகிற பேப்பர்களில் நானே பிடித்தது. எங்கேயோ படகு கவிழ்ந்த செய்தி ஒன்று. இத்தனை பேர் செத்துப்போனார்கள் என்று நேராகச் சொல்லாமல், அந்த ரே ஒன்றைப் போட்டு எழுதியிருந்தான். ஏனென்று அந்தப் பெட்டி முழுக்கக் கூட்டிக்கொண்டே யோசித்தேன். பிறகு பிடிபட்டது. உறுதி இல்லாத செய்தி! எங்கட 'ஆம்' எல்லோ இது! வந்தாராம், போனாராம், செத்துப்போனாராம். யாரிடமாவது உடனே சொல்ல வேண்டும்போல் இருந்தது. விடிய அறைக்குப் போனால் கூட இருக்கிறவர்கள் வேலைக்கு வெளிக்கிடுகிற அவசரம், ஒருவன் பல் தீட்டிக்கொண்டு "அண்ணை, அரக்கி வழி விடுங்கோ" என்கிறான். அவனிடம் சொல்லி என்ன? தயாளினியிடம்தான் சொன்னேன்.

தயாளினி என்கிறவள் வகுப்பில் எனக்குப் பக்கத்துக் கதிரை. இப்ப அவள் இவள் என்று கதைக்கிறேன். நேரில் நாங்கள் ஒருநாளும் 'நீங்கள்' என்றதற்குக் கீழே இறங்கினதில்லை.

மடம் ஒதில் என்று ஒரு பென்சன் எடுத்த மனுசி, ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு மண்டபத்தில் மத்தியானங்களில் காசில்லாமல் படிப்பித்தவள். தயாளினிக்கு விசா விசயமாக ஒரு அத்தாட்சி வேண்டியிருந்தது, வந்தாள். எனக்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. சும்மா படுத்துக்கிடக்க ஏலாமல் வந்தேன். அவள் தம்பி நிமலன் வீட்டில் இருந்தாள். தம்பியும் பெண்சாதியும் வேலைக்குப் போக, அவர்களுடைய பிள்ளைகளைப் பார்த்துச் சமைத்து, பள்ளிக்கூடம் கொண்டுபோய்க் கூட்டிவந்து, எல்லாம் அவள்தான். புருசன் குகநேசன். சண்டை முடிந்த அந்த மே மாதம், எல்லாரும் வெளியே வந்த இடத்தில் ஆமிக்காரர் பேர் பதிந்து அவரைப் பஸ்ஸில் ஏற்றியிருக்கிறார்கள். இவள் வெளியில் நின்றிருக்கிறாள். அவர் யன்னலால் கையைக் காட்டி, "தண்ணிப் போத்தலை நீர் வைச்சிரும்" என்று சொன்னவராம். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தப் பஸ்ஸும் இல்லை, அந்த மனிதரும் இல்லை.

தாலிக்கொடி கழுத்தில், குங்குமம் நெற்றியில். குளிருக்குக் கழுத்துவரை மூடிய கோட்டைப் போட்டாலும் கொடி வெளியேதான் கிடக்கும்.

வகுப்பு முடிய ட்ராம் ஏறுகிற இடம்வரை சேர்ந்து நடப்போம். வழியில் பாண் கடை. பிள்ளைகளுக்குப் பாண் வாங்க வேண்டும், ஆனால் வாய் திறக்கமாட்டாள், விரலால்தான் காட்டுவாள். நான்தான் இதே ரே போட்டுச் சொல்லிக்கொடுத்தேன்: ஜு வுத்ரே.

"இதை ஏன் பரா அண்ணை இப்பிடி நீட்டவேணும்? பாண் ஒண்டு தாங்கோ எண்டால் தரமாட்டினமோ?"

"தருவினம். ஆனால் முகத்தைச் சுழிப்பினம். 'வேணும்' எண்டு அடிச்சுச் சொல்லக்கூடாது. 'வேணும்போல இருக்கும்' எண்டமாதிரி."

"ஒரு பாணுக்கு இவ்வளவு கூச்சமோ? பொம்பிளை கேட்டுப் போறமாதிரியெல்லோ இருக்கு!"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை. வேறு ஒன்றும் மனதில் இல்லாத ஒருத்தி அந்த உவமையை எடுப்பாளோ? நீங்களே சொல்லுங்கோ. பரா அண்ணை, பரா அண்ணை என்று கூப்பிட்டதை வைத்து ஒன்றும் நினைக்காதையுங்கோ. எங்கட ஆட்கள் எல்லாரையும் அண்ணை என்றுதான் கூப்பிடுவது. இப்ப உங்களை நான் கூப்பிடவில்லையோ? அதைப்போலத்தான்.

பிறகு 'சி' பாடம் வந்தது. 'சி' என்றால் 'ஆல்'. வந்தால், போனால். லொத்தர் விழுந்தால் என்ன செய்வீர்கள் என்று மடம் ஒவ்வொருவராகக் கேட்டாள். மூசா என்று ஒரு மாலிக்காரன், "விழுந்தால் உங்கட வகுப்புக்கு வரமாட்டேன்" என்றான். எல்லாரும் சிரித்தோம். நான், "இரவில் நித்திரை கொள்ளுவேன்" என்றேன். அதற்கும் சிரித்தார்கள். நான் பகிடிக்குச் சொல்லவில்லை. தயாளினியின் முறை. அவள் லொத்தரைப் பற்றிச் சொல்லவில்லை.

"சி மொன் மரி வியென், நு ஸிரோன் வுவார் லா மேர்."

என் மனுசன் வந்தால், நாங்கள் கடல் பார்க்கப் போவோம்.

மடம் மெல்லத் திருத்தினாள். இது கற்பனைப் பாடம், 'வெனே' என்று சொல்ல வேண்டும், 'ஸிரியோன்' என்று சொல்ல வேண்டும். தயாளினி தலையாட்டிவிட்டுத் தான் சொன்னதையே திருப்பிச் சொன்னாள். மடம் பிறகும் திருத்தினாள். பிறகும் அதையே சொன்னாள். அப்ப மடம் எழும்பிப் பலகையில் இரண்டையும் எழுதி நடுவில் கோடு கீறி, இந்தப் பக்கம் நடக்கக்கூடியது, இந்தப் பக்கம் கனவில் மட்டும் என்று விளங்கப்படுத்தினாள். எங்கட தமிழில் அந்தக் கோடு இல்லையல்லோ, அண்ணை. 'அவர் வந்தால்' என்றால் வருவார் என்பதும் வரமாட்டார் என்பதும் ஒரே பாயில் படுத்துக்கிடக்கும். ஒருவரும் எழுப்பிக் கேட்கமாட்டார்கள்.

தயாளினி என் பக்கம் குனிந்தாள். "இப்ப இவ என்ன சொல்லுறா? அவர் வரமாட்டார் எண்டோ?"

"சீச்சீ. இது பயிற்சி. சும்மா வாயால சொல்லுறது."

"வாயால சொல்லுறதுதானே அண்ணை சொல்லுறது."

புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வகுப்பு முடியும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருந்தாள். எனக்குத் தாங்கவில்லை. முடிந்த பிறகு மடத்தை மூலைக்குக் கூப்பிட்டு, விசயம் இப்படி, புருசன் காணாமல் போனவர் என்று சொன்னேன். நல்ல மனுசி, கண்ணைத் துடைத்தாள். அடுத்த வகுப்பிலிருந்து தயாளினியின் முறை வரும்போது மழை, வெயில் பற்றி மட்டும் கேட்டாள். "என்னட்டை மட்டும் ஏன் வானிலை அறிக்கை கேக்கிறா?" என்று தயாளினி என்னைக் கேட்டாள். தெரியாது என்றேன்.

இதற்கிடையில் நிமலன். ஒரு பிறந்தநாள் வீட்டில் என்னைப் பல்கனிக்குக் கூட்டிக்கொண்டு போனான். கையில் கிளாஸ். "அக்கா இப்பிடியே இருந்தால் என்ன முடிவு, அண்ணை? எங்களுக்கும் வயசு போகுது. உங்களைப்போல ஒரு ஆள் எண்டால்…" அந்த இடத்தில் பெண்சாதி கூப்பிட்டாள், உள்ளே போய்விட்டான். வசனம் அந்தரத்தில் நின்றது. அந்த 'எண்டால்' ஒன்றை நான் வீட்டுக்குக் கொண்டுவந்து எத்தனையோ மாதம் வைத்திருந்தேன்.

நான் அவசரப்பட்ட ஆள் இல்லை. கலியாணம் கட்டாமல் இந்த வயது வந்தவனுக்கு என்ன அவசரம்? நான் யோசித்தது குகநேசனைப் பற்றி. அவருக்கு ஒரு கிரியையும் நடக்கவில்லை. அந்தியேட்டி இல்லை, திவசம் இல்லை. ஒரு மனிதர் போன பிறகு அவருக்குச் செய்ய வேண்டியதை ஒருவரும் செய்யாவிட்டால் அந்த ஆத்மா எங்கே போகும்? வெறும் பெட்டிகளுக்குள் நடக்கும்போது அதைத்தான் யோசிப்பேன். நான் கண்ணால் காணாத மனிதர், ஆனால் அவருக்காக நான் இழந்த நித்திரை கொஞ்சமில்லை.

தயாளினி வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்குப் போவாள். எங்கட கோயிலுக்குக் கோபுரம் இல்லை. முந்திக் கார் திருத்துகிற இடமாக இருந்த ஒரு மண்டபம். அவள் அர்ச்சனை ரிக்கற்றை நீட்டி ஐயரிடம் சத்தமாகச் சொல்வாள்: "குகநேசன், அனுஷ நட்சத்திரம்." உயிரோடு இருக்கிறவர்களுக்குச் செய்கிற அர்ச்சனை. எத்தனை வெள்ளி நான் பின்னால் நின்று கேட்டிருப்பேன்! என் சொந்த நட்சத்திரம் மறந்தாலும் அது மறக்காது. ஐயர் அர்ச்சனை செய்து தட்டைக் கொடுப்பார், அவள் குங்குமத்தை எடுத்து வைப்பாள். எனக்கு அதைப் பார்க்கப் பாவமாக இருக்கும். இல்லாத ஒருவருக்கு இருக்கிறவருக்குரியதைச் செய்தால் அது அவருக்குப் போய்ச் சேருமோ?

மே மாதத்தில் கோயிலில் ஒரு ஆத்ம சாந்திப் பூசை வைப்பார்கள், சண்டையில் செத்த எங்கட சனத்துக்கு. பேரையும் நட்சத்திரத்தையும் ஐயரிடம் சொன்னால் மைக்கில் ஒவ்வொன்றாகக் கூப்பிடுவார். கூப்பிட்டதும் அந்த ஆளின் சொந்தக்காரர் எழும்பிப்போய் விளக்குக்கு எண்ணெய் விட்டுப் பூப் போட வேண்டும். நான் முதல்நாளே போய்ப் பேரைச் சொன்னேன். ஐயர் நிமிர்ந்து பார்த்தார். "இந்தப் பேர் வெள்ளியில வாறதெல்லோ?" என்றார். "ஓம். வீட்டுக்காரர் இப்ப இதுக்குச் சம்மதம்" என்றேன். வீட்டுக்காரர் என்று நான் சொன்னது நிமலனைத்தான். அவனிடமும் விவரமாகக் கதைக்கவில்லை. "அக்காவையும் கூட்டிக்கொண்டு வா, மனம் ஆறும்" என்று மட்டும் சொல்லியிருந்தேன். அது பொய் இல்லைத்தானே?

பொறுங்கோ, இந்தச் சேட்டு ஒன்றைக் கீழே வைத்துவிட்டுச் சொல்கிறேன்.

மண்டபம் நிறையச் சனம். அவள் பெண்கள் பக்கத்தில் நடுவில், நிமலனின் பிள்ளைகளோடு. ஐயர் ஒவ்வொரு பேராகக் கூப்பிட, ஒவ்வொரு குடும்பமாக எழும்பிப் போகுது. அழுகிறவர்கள் அழுகிறார்கள். தயாளினியும் மற்றவர்களுக்காகக் கண்ணைத் துடைத்தாள், நான் பார்த்தேன். பிறகு ஐயர், "குகநேசன், அனுஷ நட்சத்திரம்" என்றார்.

ஒருவரும் எழும்பவில்லை.

திருப்பிக் கூப்பிட்டார். அந்த மைக் வேறு புதிசு, சுவரெல்லாம் மோதித் திரும்பி வந்தது. ஒருவர் போகத்தானே வேண்டும்? நான் பூவை எடுத்துக்கொண்டு எழும்பினேன். அதே நேரம் அவளும் எழும்பினாள்.

சத்தம் போடுவாள், மயங்கி விழுவாள் என்று நினைத்தேன். ஒன்றும் இல்லை. அவள் விளக்குப் பக்கம் வரவே இல்லை. மூலையில் இருக்கிற அம்மனிடம் போனாள். தட்டில் இருந்த குங்குமத்தை நெற்றியில் வைத்தாள், வகிட்டிலும் நீளத்துக்கு இழுத்தாள். திரும்பி நடந்துவந்து ஐயருக்கு நேர் முன்னால் நின்றாள். மைக் அருகில் என்றபடியால் மண்டபம் முழுக்கக் கேட்டது.

"இப்ப வாசியுங்கோ, ஐயா."

ஐயர் விளக்கைப் பார்த்தார். "இப்ப என்ர முகத்தைப் பார்த்து வாசியுங்கோ" என்றாள். அவர் கையிலிருந்த பூவைத் தட்டில் வைத்துவிட்டு அடுத்த பேரைக் கூப்பிட்டார். அவள் திரும்பினாள். நான் நடுவழியில் பூவோடு நிற்கிறேன். எல்லாருடைய கண்ணும் என் கையில்.

"நீங்களோ?" என்றாள்.

"அவரின்ர ஆத்மா…"

"நீங்கள் அவரைக் கண்டதே இல்லையே, பரா அண்ணை. அதுக்குள்ள எப்பிடி வழியனுப்புறியள்?"

பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு போய்விட்டாள்.

சரி, கோபம் வரும், நியாயம். கோபம் ஆறும் என்று விட்டேன். ஆறின மாதிரியும் இருந்தது, ஒரு கதையும் வரவில்லை. அடுத்த மாதம் நிமலனின் மூத்த மகளுக்குச் சாமத்தியச் சடங்கு. என்னையும் கூப்பிட்டிருந்தான். நீங்கள் மஞ்சள் நீராட்டு என்பியள், உங்கட பக்கத்தில் எப்படியோ தெரியாது. எங்களில் தகப்பனின் சகோதரிதான் மாமி, தண்ணி வார்ப்பதில் இருந்து ஆரத்திவரை அவள் முன்னுக்கு நிற்க வேண்டும். அந்தப் பிள்ளையை வளர்த்தவளும் அவள்தான். ஆரத்தி நேரம் வந்தது. நிமலனின் பெண்சாதி, "மச்சாள், விடியத்தொடக்கம் நிண்டு களைச்சுப்போனியள். குசினிப் பக்கம் ஒருக்காப் பாருங்கோவன்" என்றாள். வலு பணிவாகத்தான் சொன்னாள். தட்டு வேறு ஒருத்தியின் கைக்குப் போனது. கோயிலில் பேர் வாசித்ததை அவ்வளவு சனமும் கேட்டதல்லோ. குங்குமம் பூசினால் சனத்தின் காதில் விழுந்தது அழியுமோ?

நான் வாசலில் நின்று பார்த்தேன். குசினிக்குள்ளே அவள் பாயாசத்துக்கு முந்திரிகைப் பருப்பு வறுத்துக்கொண்டிருந்தாள். பிள்ளை மேடையிலிருந்து, "மாமி எங்க? மாமி வரட்டும்" என்று அழத் தொடங்கிவிட்டது. மாமி வெளியில் வரவில்லை. அடுப்பைப் பார்த்தபடியே நின்றாள். சனம் இப்படிச் செய்யும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. எங்கட சனம் திருந்தாது, அண்ணை.

அது நடந்து கொஞ்சநாளில் நிமலன் என் அறைக்கு வந்தான். முன்னே ஒருநாளும் வராதவன். நல்ல கோப்பையைத் தேடிக் கழுவித் தேத்தண்ணி போட்டேன். இனி என்ன, சனமே ஒரு முடிவுக்கு வந்துவிட்டது, அவளும் யோசித்திருப்பாள், அந்த 'எண்டால்' முடியப் போகிறது என்று நினைத்தேன். பொய் சொல்வானேன், நினைத்தேன்.

அவன் தேத்தண்ணியைத் தொடவில்லை. "அக்கா ஒண்டே ஒண்டுதான் கேக்கிறா. குடுத்த பேரைத் திருப்பி எடுக்கட்டாம்."

"எப்பிடி எடுக்கிறது?"

"எனக்கு எப்பிடித் தெரியும்? குடுத்தவருக்குத் தெரியவேணும். வேற ஒண்டும் வேண்டாமாம். உங்களோட கோவமும் இல்லையாம்."

கோபம் இல்லை என்றாள், பார்த்தீர்களோ? அன்றைக்கே ஐயரிடம் போனேன். ஐயர் கையைத் துடைத்துக்கொண்டு, "பேரைத் திருப்பி எடுக்கிறதுக்கு மந்திரம் இல்லை. எந்தச் சபையில வாசிச்சுதோ அந்தச் சபையில பேர் குடுத்த ஆள் எழும்பிச் சொல்லலாம். தெரியாமல் குடுத்திட்டன், அவர் இருக்கிறார் எண்டு. வெள்ளிக்கிழமை வாரும், மைக்கைத் தாறன்" என்றார்.

"அவர் இருக்கிறார் எண்டு எனக்கு எப்பிடி ஐயா தெரியும்? இருக்கிறாராம் எண்டு சொல்லட்டே?"

ஐயர் சிரித்தார். "ஆம் போட்டு ஒரு மனிசனை எழுப்பேலாது, தம்பி. அண்டைக்கு நீர் எனக்குச் சொல்லேக்க ஆம் போட்டனீரோ?"

ஐயர்மார் கதைக்கக் கெட்டிக்காரர்.

வெள்ளிக்கிழமை நான் போனேன். போகவில்லை என்று ஊருக்குள் கதைக்கிறார்கள், அது பொய். கோயிலுக்கு எதிர்ப்பக்கம், டயர் கடை வாசலில் நின்றேன். அவள் பச்சைச் சீலை உடுத்து, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு முன்னதாகவே வந்துவிட்டாள். பூசை முடிந்தது. கதவு திறந்து கிடந்தபடியால் மைக் றோட்டுக்குக் கேட்டது. "ஆரும் சபைக்கு ஏதும் சொல்ல இருக்கினமோ?" என்று ஐயர் கேட்டார். கொஞ்சம் பொறுத்துத் திரும்பவும் கேட்டார். எனக்கு அன்றைக்குத் தொண்டை வேறு கட்டியிருந்தது. தெரியாத ஒன்றைத் தெரிந்தமாதிரிச் சாமிக்கு முன்னால் எப்படிச் சொல்கிறது? நான் பொய் சொல்லிப் பழகாத ஆள், அண்ணை. நீங்கள் என்றால் சொல்லியிருப்பீர்களோ?

சனம் கலைந்தது. கடைசியாக அவள் வந்தாள். குனிந்து சப்பாத்து வாரைப் பூட்ட நேரம் எடுத்தாள். நிமிர்ந்து இந்தப் பக்கம் பார்த்தாள். என்னைக் கண்டவள் என்று நிமலன் சொல்கிறான். நான் நம்பவில்லை. கண்டிருந்தால் ஏதும் சொல்லியிருப்பாள்.

அதன்பிறகு அவள் வகுப்புக்கு வரவில்லை. விசாவும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று ஊருக்கே திரும்பிப் போய்விட்டாள். நிமலன் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். எத்தனை பேர் கடலில் விழுந்து வந்து சேருகிற இடத்தை விட்டு, கையை வீசிக்கொண்டு பிளேன் ஏறினாள்.

எனக்கு இப்ப வேலை செய்யும்போது பேப்பர் தேவையில்லை. வசனம் கட்டிக்கொண்டே கூட்டுவேன். எல்லாம் 'சி' வசனம்தான், பிழை இல்லாமல் வரும். ஐயர் மெல்ல வாசித்திருந்தால் அவளுக்குக் கேட்டிருக்காது. அந்தப் புது மைக் இல்லாமல் இருந்திருந்தால் பின்வரிசைக்குப் போயிருக்காது. நிமலன் அன்றைக்குக் கூட்டிவராமல் விட்டிருந்தால் அவள் இங்கே இருந்திருப்பாள். அவன் பெண்சாதி அந்தத் தட்டை அவள் கையில் கொடுத்திருந்தால். மடம் அந்தக் கோட்டைக் கீறாமல் விட்டிருந்தால். ஒரு பெட்டி முடிய அடுத்த பெட்டி, ஒரு வசனம் முடிய அடுத்த வசனம். எந்தப் பக்கத்தால் கட்டினாலும் கடைசியில் அவள் இங்கே இருந்திருப்பாள் என்றுதான் வந்து நிற்கும்.

போன மாதம் நிமலன் போனில் ஒரு வீடியோ காட்டினான். வன்னிப் பக்கம், றோட்டுக்கரையில் தறப்பாள் கட்டின கொட்டில். காணாமல் போனவர்களின் படங்களை மடியில் வைத்துக்கொண்டு பெண்கள் வரிசையாக இருக்கிறார்கள். நடுவில் இவள். மெலிந்துவிட்டாள், தலைமயிர் முன்பக்கம் வெள்ளை. குங்குமம் முந்தியதைவிடப் பெரிசு. மைக்கோடு நிற்கிற பெட்டை கேட்கிறாள்: "உங்கட கணவர் உயிரோட இருப்பார் எண்டு நினைக்கிறியளோ அம்மா?"

"நினைக்கிறேல்லை, பிள்ளை. இருக்கிறார்."

அவ்வளவுதான் அவள் கதைத்தது. பிறகு கமரா அடுத்த ஆளிடம் போய்விட்டது. பக்கத்தில் இருந்த ஒருத்தி அவளுக்குத் தண்ணி நீட்டினாள், அவள் வாங்கிக் குடிக்கிறது பாதி தெரிந்தது. திருப்பிப் போடச் சொன்னேன். நிமலன் போனைப் பொக்கற்றில் வைத்துவிட்டான்.

என்ன கேட்டனீங்கள்? நான் ஏன் பேரைக் கொடுத்தேன் என்றோ?

எத்தனை தரம் சொல்வது, அண்ணை? அவருடைய ஆத்மாவுக்காக.

ஏன் அப்படிப் பார்க்கிறியள்? வேறு என்னத்துக்காக?

சரி, விடுங்கோ. உங்கட மெசினும் நிற்கப் போகுது. சேட்டெல்லாம் முடிந்தது, இந்தப் போர்வை ஒன்றுதான் கிடக்கு. தனிய மடிக்க ஏலாது, நிலத்தில் பட்டுவிடும். அந்த நுனியை ஒருக்காப் பிடியுங்கோ. ஓம், அப்படித்தான். இப்ப என்ர பக்கம் வாங்கோ.